ஜூலைப் பக்கத்தில் நான் பெய்வித்த மழை

நீருண்ட மேகத்தின் நிறத்தைத் தன் திருமேனிக்கென்று தேர்ந்துகொண்ட பெருமானை முதற்கண் வணங்குகிறேன். மழை அவனுடைய தொழில். அந்தத் தொழிலில் அடியேன் ஒரே ஒருமுறை, அரை மணி நேரம், அவன் அனுமதியின்றி நுழைந்தேன். அந்தக் குற்றத்தைப் பொறுத்ததோடு நில்லாமல், அதை என் கையாலேயே எழுதும் வயது வரைக்கும் என்னை வைத்திருக்கிறான். இன்று ஆவணித் திருவோணம், அவனுக்கு உகந்த நன்னாள். துளசி தீர்த்தம் பருகிய நாவு இன்று ஒருநாளாவது பொய் சொல்லாது என்ற நம்பிக்கையில் இக்கட்டுரையைத் தொடங்குகிறேன்.

மல்லேஸ்வரத்தில் நாட்காட்டி அச்சிடும் நிறுவனம் ஒன்றில் நெடுங்காலம் புகைப்படக்காரனாக இருந்து ஓய்வுபெற்றவன் நான். இப்போது அங்கே படப்பிரிவைக் கவனிக்கும் சஹானா என்ற பெண், அச்சக மலருக்குக் கட்டுரை கேட்டுச் சென்ற வாரம் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் மடிக்கணினியைத் திறந்து வைத்தாள்.

“சார், இனிமே மழைப் படத்துக்காக யாரும் ஊர் ஊரா அலைய வேண்டாம். என்ன மாதிரி மழை வேணும்னு எழுதினா போதும், கம்ப்யூட்டரே வரைஞ்சு குடுத்துடுது.”

“தூறலா, கனமழையா?”

“எது வேணும்னாலும் சார்.”

“பாவம், வருணனுக்கும் ஓய்வு கொடுத்துவிட்டீர்களா?” என்றேன்.

திரையில் ஒரு சிற்றூர்த் தெரு நனைந்துகொண்டிருந்தது. குடைகள், சேறு, தேநீர்க் கடையின் ஆவி, எல்லாம் இருந்தன. நான் குடைகளைப் பார்க்கவில்லை. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வீட்டு மாடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

“மாடியில என்ன சார் தேடறீங்க?”

“பழைய பழக்கம் அம்மா. எழுதித் தருகிறேன்” என்றேன். எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தில் சொல்வதற்கு அதிகமில்லை. மூன்றாண்டுகள் இருட்டறையில் பிறர் எடுத்த படங்களைக் கழுவினேன். இரண்டாண்டுகள் பிறருடைய கேமராப் பையைச் சுமந்தேன். நெற்றியில் திருமண் துலங்க இருட்டறைக்குள் நுழைபவன் என்பதால், சிவப்பு விளக்கில் என்னைக் கண்டு இருமுறை ஊழியர்கள் அலறியது தவிர வேறு விசேஷமில்லை.

எங்கள் நாட்காட்டிக்கு ஒரு பெருமை உண்டு. கடவுளர், நடிகையர், பனிமலை எதுவும் அதில் இராது. ஆண்டுக்கு ஒரு சிற்றூர், அந்த ஓர் ஊரின் பன்னிரண்டு மாதங்கள், அவ்வளவுதான். ஜனவரியில் சந்தையில் மலையாகக் குவிந்த அவரைக்காய், மார்ச்சில் மரத்தடி நாவிதரின் கண்ணாடியில் விழும் இலையுதிர்ந்த கிளை, மே மாதம் தள்ளுவண்டி மாம்பழம், ஜூலையில் மழை, செப்டம்பரில் வெயிலில் உலரும் மண் பிள்ளையார் என்று காலம் ஊரைக் கடந்து போவதைப் படம் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கன்னடத்தில் ஊர்ப்பெயரும், ‘இப்படம் சென்ற ஆண்டு இதே மாதத்தில் எடுக்கப்பட்டது’ என்ற ஒரு வரியும் இருக்கும். அந்த வரியை எழுதியவர் என் மேலதிகாரி குருராஜ ராவ். அவர் வாழ்நாளில் எழுதிய ஒரே வரி அது. ஆகவே அதன்மேல் அவருக்கு இருந்த பற்று, பெரும் காவியம் எழுதியவர்களுக்கும் இருந்திருக்காது.

ராவ் குரலை உயர்த்தியவரல்லர். கோட்டுப் பையில் பித்தளைப் பெட்டி ஒன்று. அதற்குள் உருப்பெருக்கிக் கண்ணாடி. மாதத்தின் முதல் தேதியன்று சென்ற மாதப் படம் அவர் மேசைக்கு வந்துவிட வேண்டும். படத்தை வாங்கியதும் தலைகீழாகத் திருப்பி வைப்பார். நேராகப் பார்த்தால் கதையில் மயங்கிவிடுவோம், தலைகீழாகப் பார்த்தால் வெளிச்சம் மட்டும் தெரியும் என்பது அவர் சித்தாந்தம். பிறகு கண்ணாடியை வைத்து ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்திற்கு ஏர் உழுவதுபோல் நகர்த்துவார். நான் எதிரில் நின்றுகொண்டிருப்பேன். முடித்ததும் கண்ணாடியைப் பெட்டிக்குள் வைத்து மூடி ‘டப்’ என்று விழுந்தால் படம் தேறிற்று. பெட்டி திறந்தே கிடந்தால், பேருந்துக்கு ஓட வேண்டும்.

ஒருமுறை ஏப்ரல் படத்தைக் கொடுத்தேன். தலைகீழாகப் பார்த்த ராவ், “ஏன்ரீ வரதராஜன், இது மார்ச் இல்லவா?” என்று தம் கன்னடத் தமிழில் கேட்டார்.

“சார்?”

“அரச மரத்தைப் பாருங்க. இலையெல்லாம் இன்னும் செம்புக் கலர்ல இருக்கு. ஏப்ரல்னா பச்சை வந்திருக்கணுமே.”

உண்மையில் மார்ச்சில் எடுத்ததுதான். ஏப்ரலில் எனக்குக் காய்ச்சல். அன்று பெட்டி மூடப்படவில்லை. ஓர் இலையின் நிறத்தைக் கொண்டு மாதத்தைச் சொன்ன அந்த மனிதரை இங்கே நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் ஒரு குறிப்பேடும் உண்டு. இடம், தேதி, நேரம், வானம் என்று நான்கு பத்திகள். வானம் என்ற பத்தியில் ‘வெளுப்பு’, ‘கருக்கல்’, ‘கொளுத்தும் வெயில்’ என்றெல்லாம் எழுத வேண்டும். ராவ் படத்தைப் பார்த்த பிறகு அதையும் பார்ப்பார்.

இனி அந்த மழைக்கு வருகிறேன். டிஜிட்டல் கேமரா எங்களிடம் வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஆண்டுக்குத் தேர்ந்த ஊரை இங்கே கெங்கெரெ என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரை எழுதினால் முனியம்மா என்னைத் தேடி மறுபடியும் வந்துவிடுவாள். கோலார் பக்கத்துச் சிற்றூர். பெயரில் ‘கெரெ’ என்று ஏரி இருந்தது. ஊரில் இருந்த ஏரியில் மாடுகள் காலாறப் படுத்திருந்தன.

முனியம்மா அங்கே கடைத்தெருவில் தேநீர்க் கடை வைத்திருந்தாள். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். ஐம்பது வயது, எண்ணூறு வயதுக்குரிய வாய். ஜனவரியிலிருந்து மாதந்தோறும் நான் அங்கே போனதால், கெங்கெரெயில் எனக்கு இருந்த ஒரே அலுவலகம் அவள் கடைப் பலகைதான்.

ஜூன் மாதமே ராவிடம் நான் வாய்விட்டிருந்தேன். “ஜூலைப் படம் கைக்கு வந்ததும் துண்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் சார், காகிதத்தைத் துடைக்க வேண்டியிருக்கும்” என்று. அகந்தை பேசிற்று. அகந்தையை அடக்குவதையே ஆதிநாள் முதல் விளையாட்டாகக் கொண்டவன் மேலே இருந்து கேட்டுக்கொண்டிருந்தான். ஜூலை முழுவதும் ஒரு துளி இல்லை. மூன்று முறை போனேன், மூன்று முறையும் புழுதியோடு திரும்பினேன். வறண்ட தெருவையே படமெடுத்து வந்திருக்கலாம், ராவ் ஏற்றிருப்பார். ஆனால் நான் துண்டைப் பற்றிப் பேசிவிட்டேனே.

மாதத்தின் கடைசி நாள். சாலை போடும் வேலைக்குக் கல்குட்டையிலிருந்து சேற்று நீர் ஏற்றி வந்த டேங்கர், கடையின் முன்னால் நின்றது. ஓட்டுநர் செல்வம் தர்மபுரிக்காரன். தேநீர் குடித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தான்.

“என்ன சார், மழைக்குக் காத்திருக்கீங்களா? எங்கிட்ட சொல்லியிருந்தா நானே பெய்ய வச்சிருப்பேனே.”

அவன் வேடிக்கைக்குத்தான் சொன்னான். நான் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

செல்வம் டேங்கர் மேல் ஏறி, குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி வானத்தை நோக்கிப் பீய்ச்சினான். நீர் மேலே போய், உடைந்து, தெருவின் பாதியளவுக்கு அசல் மழையாகவே இறங்கியது. முனியம்மாவின் கையில் சிவப்புக் குடையைக் கொடுத்து நடக்கச் சொன்னேன். துளிகள் கோடுகளாக விழ வேண்டும் என்று ஷட்டரை மெதுவாக வைத்தேன். தக்க நேரத்தில் ஒரு சிறு மேகமும் வந்து சூரியனை மறைத்தது; அதையும் நான் பெருமானின் ஒப்புதலாக எண்ணிக்கொண்டேன்.

“சார், சாரல் போதுமா, இடியோட வேணுமா?” என்று மேலிருந்து கேட்டான் செல்வம்.

“ஏய், மூஞ்சியில அடிக்காதடா!” என்று கீழிருந்து கத்தினாள் முனியம்மா. “சாமி, சீக்கிரம் புடிங்க. சேத்துத் தண்ணி, நாறுது.”

அன்று குறிப்பேட்டின் வானம் பத்தியில் என்ன எழுதுவது? ‘மழை’ என்று எழுதக் கை வரவில்லை. ‘வெயில்’ என்று எழுதத் துணிவு வரவில்லை. ‘பகவத் சங்கல்பம்’ என்று எழுதினேன்.

மறுநாள் ராவ் படத்தைத் தலைகீழாக வைத்தார். கண்ணாடியை நகர்த்தினார். குடையில் நின்றார், சேற்றில் நின்றார், துளிகளில் வெகுநேரம் நின்றார். பிறகு குறிப்பேட்டைப் பார்த்தார்.

“ஏன்ரீ, வானம் எப்படி இருந்ததுன்னு கேட்டா வேதாந்தம் எழுதியிருக்கீங்க?”

“அன்று அப்படித்தான் சார் இருந்தது.”

‘டப்.’

நாட்காட்டி அச்சாகி, புத்தாண்டுக்கு மாநிலம் முழுவதும் போயிற்று. அலுவலகச் சுவர்களில், அடுப்படிகளில் தொங்கிற்று. நானும் மறந்துபோனேன்.

அடுத்த ஜூலை. ஒரு சனிக்கிழமை காலை மல்லேஸ்வரத்துக் கோயிலில் தீர்த்தத்துக்குக் கை நீட்டி நின்றேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“நல்லா வாங்கிக் குடிங்க சாமி. எங்க ஊருல குடிக்கத்தான் ஒண்ணும் இல்ல.”

முனியம்மா. அச்சகக் காவலாளி, சனிக்கிழமையென்றால் நான் எங்கே இருப்பேன் என்று சொல்லி அனுப்பியிருந்தான். அவளை வெளியே அழைத்து வந்தேன். மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தாள். நாட்காட்டியின் ஜூலைப் பக்கம்; சிவப்புக் குடையின் கீழ் அவளே சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இந்த வருசமும் மழை இல்ல சாமி. போர்வெல்லு ரெண்டும் காத்துதான் விடுது. ரெண்டு வருசமா மழை இல்லன்னு தாசில்தார் எழுதிக் குடுத்தா, தெனம் ரெண்டு டேங்கர் குடிதண்ணி வரும். ஊரே திரண்டு போனோம். அவரு திரும்பி செவுத்தப் பாத்தாரு. செவுத்துல நான் குடை புடிச்சிட்டு நிக்கறேன்!”

நான் தாளின் அடியில் அச்சிட்டிருந்த வரியைப் பார்த்தேன்.

“‘போன வருஷம் ஜூலையில கொட்டோ கொட்டுன்னு கொட்டியிருக்கே, ஃபோட்டோவே இருக்கே’ன்றாரு. ‘அது டேங்கர் தண்ணி சார்’னேன். ‘யாருக்குக் கதை விடற? கீழ அச்சடிச்சிருக்கு பாரு’ன்றாரு.” அவள் என் நெற்றியைப் பார்த்தாள். “நீங்க நாமம் போட்டுக்கிட்டு வந்து, எங்க ஊருக்கே போட்டுட்டுப் போயிட்டீங்களே சாமி.”

கோயில் வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் வாழ்நாளில் கேட்ட நிந்தனைகளிலேயே இத்துணைக் கச்சிதமானது வேறில்லை.

திங்களன்று தாசில்தார் முன்னால் போய் நின்று, படம் எடுத்தவன் நான், மழை என்னுடையது என்றேன். அவர் நல்ல மனிதர், அதனாலேயே நம்பவில்லை.

“பாருங்கரீ, ஊர்க்காரங்க கஷ்டப்படறாங்கன்னு நீங்க இரக்கப்பட்டு வந்திருக்கீங்க. புரியுது. பெரியவர், நெத்தியைப் பாத்தாலே தெரியுது, நீங்க இந்த மாதிரி ஏமாத்து வேலை செய்யற ஆள் இல்ல.”

“செய்தேன் சார்.”

“இல்ல இல்ல” என்று என்னை அன்போடு தேற்றினார். “ஒரு வேளை கம்பெனி லெட்டர் குடுத்தா பாக்கலாம். அச்சடிச்சது பொய்யின்னு அவங்களே சொல்லட்டும்.”

உண்மை சொல்லியும் அதை நம்ப மறுக்கும் அளவுக்கு என் முகம் நல்லொழுக்கத்தோடு இருந்ததை அன்றுதான் நொந்துகொண்டேன்.

ராவின் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்: துண்டு, டேங்கர், செல்வத்தின் கட்டைவிரல், ‘பகவத் சங்கல்பம்’. அவர் பித்தளைப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய ஒரே வரியைப் பொய்யென்று அவரே எழுதித் தர வேண்டும் என்று கேட்கிறேன். என் வேலை போய்விடும் என்பதுகூட அப்போது பெரிதாகத் தோன்றவில்லை.

“ஜனவரியிலேயே தெரியும்ரீ” என்றார்.

“சார்?”

“என் மனைவி சொன்னா. புது காலண்டர் வீட்டுக்கு வந்த அன்னிக்கே பன்னிரண்டு பக்கத்தையும் புரட்டிப் பாத்தா. ஜூலை வந்ததும் சிரிச்சா.” எழுந்து சுவரிலிருந்த நாட்காட்டியில் விரலை வைத்தார். குடைக்கு அப்பால், தெருவின் எதிர்ப்புறத்து வீட்டு மாடியில், ஒரு பழைய சேலை விரித்திருந்தது. சேலை நிறைய, வரிசை வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். “சண்டிகெ” என்றார் ராவ்.

கூழ் வடகம். முனியம்மாவே பிழிந்து உலரவைத்தது, எதிர்வீடு அவளுடையது. பெய்வது டேங்கர் என்று தெரிந்ததால் அவள் அதை எடுக்கவில்லை. கொட்டும் மழையில் மாடி நிறைய வடகம் காய்ந்துகொண்டிருந்தது!

“‘மழையில சண்டிகெயை விட்டுட்டு குடை புடிச்சிட்டு சிரிக்கற பொம்பளை உலகத்துல உண்டா?’ன்னு கேட்டா. நான் அரச இலையைப் பாத்தேன், நிழலைப் பாத்தேன், எல்லாம் பாத்தேன்ரீ. இதைப் பாக்கல. வெளிய சொல்லாதேன்னு அவகிட்ட கேட்டுக்கிட்டேன்.”

ஓராண்டாக நான் அவரிடம் மறைத்ததை, ஏழு மாதங்களாக அவர் என்னிடம் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறார். இருவரும் தினமும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்துக் காலை வணக்கம் சொல்லியிருக்கிறோம்.

மறுநாள் கோட்டணிந்து அவரே என்னுடன் வந்தார். முனியம்மா கடையைப் பூட்டிவிட்டு வந்து தாலுகா அலுவலக வாசலில் நின்றாள். உள்ளே ராவ் வடகத்தைக் காட்டினார். தாசில்தார் குனிந்து பார்த்து, “இது ஏதோ துணியில டிசைன் மாதிரி இருக்கே” என்றார்.

“உங்க வீட்டுலயும் இந்தக் காலண்டர் இருக்கா சார்?” என்றார் ராவ்.

“அடுப்படியில மாட்டியிருக்கு.”

“வீட்டுக்கார அம்மாவுக்கு ஒரு போன் போடுங்க.”

போட்டார். ஒலியைப் பெரிதாக்கி மேசைமேல் வைத்தார். அந்த அம்மையார் கன்னடத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். சூடு ஸ்வல்பம் குறைந்திருக்கும்.

“சண்டிகெதானே? ஒண்ணாந்தேதி பக்கத்தைத் திருப்பின அன்னிக்கே சொன்னேனே! நனையுது, ஒருத்தியாவது ஓடி வர்றாளா பாருங்கன்னேன். நீங்க பேப்பரை விட்டுக் கண்ணை எடுத்தாத்தானே? யாரு அந்தப் படம் எடுத்த மகானுபாவன்?”

தாசில்தார் என்னைப் பார்த்தார். “எதிர்லதான் உக்காந்திருக்கார்.”

“நல்ல கண் டாக்டரா ஒருத்தரைப் பாக்கச் சொல்லுங்க” என்று வைத்துவிட்டார்.

அறையில் இருந்த மூன்று ஆண்களும் அவரவர் வீட்டு அடுப்படியை மனத்தில் நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தோம் என்றே கருதுகிறேன். பிறகு ராவ் பேனாவை எடுத்து அங்கேயே கடிதம் எழுதினார். ‘எங்கள் நாட்காட்டியின் ஜூலைப் பக்கத்தில் உள்ள மழை, மழையன்று.’ அவர் எழுதிய இரண்டாவது வரி அது. கையெழுத்திடும்போது பேனா ஒரு கணம் நின்றது; பின் ஓடியது. தாசில்தார் அதைக் கோப்பில் சேர்த்து, மழை இல்லை என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

வாசலில் முனியம்மாவிடம் செய்தியைச் சொன்னோம்.

“என் வடகமா காப்பாத்துச்சு?” என்று தாளை மறுபடி விரித்துப் பார்த்தாள். “அட ஆமா! நான் என் மூஞ்சியை மட்டுந்தான் பாத்தேன் சாமி.”

அந்த வாரமே தண்ணீர் வந்தது. முதல் டேங்கரைக் கெங்கெரெக்கு ஓட்டி வந்தவன் செல்வம். நான் கடைப் பலகையில் அமர்ந்திருப்பதைக் கண்டதும் குழாயை இறுகப் பிடித்துக்கொண்டு, “சார், இது குடிக்கற தண்ணி. மழை கிழைன்னு கிட்ட வராதீங்க” என்றான். குடங்களோடு நின்ற வரிசை முழுவதும் சிரித்தது. அதற்கு நான் தகுதியுடையவனே.

ராவ் என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை. நாட்காட்டியிலிருந்து தம் வரியைத்தான் நீக்கினார். “நாம அதைத் திரும்ப சம்பாதிக்கணும்ரீ” என்றார். அதற்கடுத்த ஆண்டும் கெங்கெரெயையே தேர்ந்து, ஜூலை முதல் தேதியன்று என்னை அனுப்பினார். “மழை வந்ததும் வாங்க. வராம வராதீங்க.”

பதினேழு நாட்கள் அங்கே தங்கினேன். முனியம்மா தினமும் தேநீரோடு ஒரு வசையும் தந்தாள். “சாமி, மேகத்தைப் பாத்துக் கும்புடுங்க. அதுக்கு உங்க மேல கோவம் இருக்குமில்ல?” கும்பிட்டேன். பதினேழாம் நாள் பிற்பகல் காற்று நின்றது. கேமராவை எடுத்துத் தெருவில் ஊன்றினேன். குடை பிடிப்பவர், குதிப்பவர், சிரிப்பவர் என்று மனத்தில் படத்தை அடுக்கி வைத்திருந்தேன்.

முதல் துளி விழுந்தது. நான் நினைத்தவர் ஒருவர்கூடத் தெருவில் இல்லை. பால் பொங்கும் அடுப்பைக்கூட அணைக்காமல் முனியம்மா தெருவைத் தாண்டிப் பாய்ந்தாள். மாடி மாடியாகப் பெண்கள் ஓடினார்கள், சேலைகளைச் சுருட்டினார்கள், ஒருத்தி வடகத்தை மடியில் அள்ளினாள், ஒருத்தி எதிர்மாடியைப் பார்த்து, “அக்கா, உன்னுது, உன்னுது!” என்று கத்தினாள். கீழே தெரு வெறிச்சோடி, பால் பொங்கி வழிய, மழையை ஒருவரும் பார்க்காமலேயே மழை பெய்தது. நனைந்தபடி, ஒரே ஒரு படம் எடுத்தேன்.

ராவ் தலைகீழாக வைத்தார். கண்ணாடியை நேராக மாடிக்குக் கொண்டுபோனார். முனியம்மாவின் முதுகும், காற்றில் எழும்பிய சேலையும், விரல்களுக்கிடையே சிதறிய வடகமும் அங்கே இருந்தன. படத்தை நேராகத் திருப்பினார். அவர் அப்படிச் செய்ததை நான் கண்டது அந்த ஒருமுறைதான். குறிப்பேட்டைக் கேட்டார். வானம் என்ற பத்தியில் நான் எழுதியிருந்தது ஒரே சொல்: ‘மழை.’

‘டப்.’

அந்த ஆண்டு அந்த வரி மறுபடியும் அச்சாயிற்று.

சஹானா காட்டிய கணினி மழையில் மாடிகள் எல்லாம் துடைத்துவைத்தாற்போல் இருந்தன. ஒரு வடகம் இல்லை, ஓடிவரும் ஒருத்தி இல்லை. என்னைவிடத் திறமையாகப் பொய் சொல்கிறது. அதுதான் எனக்குக் கவலை. என் பொய்யைப் பிடிக்க அதற்குள்ளேயே ஒரு மாடி இருந்தது. ஆகையால் சஹானா, எந்தப் படத்தையும் அச்சுக்கு அனுப்புமுன் உன் வீட்டு அடுப்படியில் இருப்பவரிடம் ஒருமுறை காட்டு. அந்த வரியை ராவ் இருமுறை சம்பாதித்திருக்கிறார்.

மேகவண்ணன் திருவருளால் இதை வாசிக்கும் யாவர் ஏரியும் நிறைக, கிணறு ஊறுக, கேட்டவருக்குக் கேட்டபடி குடிநீர் வருக, மழை பெய்யும் நாளில் மாடியை நோக்கி ஓடும் கால்கள் முந்துக, உங்கள் வீட்டு வடகம் ஒருநாளும் நனையாதிருக்க!